அடிபட்ட வண்டியை வாங்கலாமா?



நம் நாட்டிலே கார் வாங்குவோருட் பலர் பிறர் பாவித்த வண்டியையே வாங்குகின்றனர். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்களைப் பொறுத்தவரை அத்தடை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டிகளின் விலை மிக ஏறியது. விலை ஏறும்பொழுது, பழைய இரும்புக் கடைக்குச் செல்லவேண்டிய வண்டியையுங்கூடத் திருத்தி விற்பது இலாபமான தொழிலாகிவிடுகின்றது. அவ்வாறு திருத்தப்பட்ட வண்டிகள் பல இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பல்லாண்டுச் சேமிப்பையும் குத்தகைக் கடனையும் ஒன்று சேர்த்து வண்டி பார்க்கச் செல்லும் ஒருவரிடம் தரகர் கூறுவது பெரும்பாலும் இதுதான்: “முன்னால் சற்றுத் தட்டுப்பட்டது, ஐயா. பம்பரும் லைற்றும் மாற்றியாயிற்று. இப்போது புதுவண்டி போல இருக்கிறது.” இக்கூற்று முழு உண்மையாகவும் இருக்கலாம், பெரியதோர் ஆபத்தை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மோட்டார் வண்டிக்கும் மனித உடலைப் போலவே தோலும் உண்டு, எலும்பும் உண்டு. பம்பர், கதவுத் தகடு, சில்லின் மேலுள்ள மட்காட், எஞ்சின் மூடி ஆகியன தோல் போன்றவை. அவை நசுங்கினால் மாற்றிவிடலாம். வண்டியின் உறுதிக்குப் பெருங் கேடில்லை. ஆனால் முன்புறத்தே எஞ்சினுக்கு இருமருங்கும் நீண்டு செல்லும் உருக்குச் சட்டங்கள், கதவுகளுக்கு இடையே நிற்கும் தூண்கள், கூரையின் விளிம்பு, அடித்தளம் ஆகியன எலும்பு போன்றவை. இவை சிதைந்த வண்டியை முன்போலாக்குவது கடினமான வேலை. மலிவாகச் செய்யக்கூடிய வேலையுமன்று.

ஏன் என்பதை விளக்குதல் வேண்டும். விரைந்து வரும் கிரிக்கெற் பந்தைப் பிடிப்பவன் கையை விறைப்பாக நீட்டி நிற்பதில்லை. பந்தோடு கையையும் பின்னே இழுக்கின்றான். பந்து நிற்கும் தூரம் கூடக்கூடக் கையிற் படும் அடி குறைகின்றது. வண்டியிலும் இதே கதைதான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும் ஒரு வண்டி 10 சென்ரிமீற்றர் தூரத்துள் நின்றுவிடின், அதனுள் இருப்பவரைத் தாக்கும் சராசரி விசை, அது 60 சென்ரிமீற்றர் நசுங்கி நிற்கும்போது உண்டாகும் விசையினும் ஆறு மடங்காகும். இதனை உணர்ந்த பேலா பரேனி என்னும் பொறியியலாளர், வண்டியின் நடுக்கூடு உறுதியாகவும் முன்னும் பின்னும் நசுங்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டுமென வகுத்து, 1951 ஆம் ஆண்டிலே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அம்முறையில் அமைந்த மேர்சிடஸ்-பென்ஸ் வண்டி 1959 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இன்றைய கார்களெல்லாம் இக்கொள்கையைத் தழுவியே அமைகின்றன.

ஆகவே, விபத்திலே முன்புறம் நசுங்குவது வண்டியின் குறைபாடன்று. அதுவே அதன் கடமை. ஆனால் அக்கடமையை அது ஒருமுறைதான் ஆற்றும். நசுங்கிய சட்டத்தை இழுத்து நிமிர்த்தி நிறம் பூசிவிடின், கண்ணுக்கு அது பழைய சட்டமே. எனினும் மடிந்து நிமிர்ந்த உருக்கு முந்திய உருக்கன்று. அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். மேலும் இக்கால வண்டிகளின் தூண்களிலே பயன்படும் உறுதிமிக்க உருக்கு, தொழிற்சாலையிலே சூடாக்கி விரைந்து குளிர்விக்கப்பட்டு அவ்வுறுதியைப் பெறுகின்றது. அதனைக் கராஜிலே தீச்சுவாலையாற் சூடாக்கி நிமிர்த்தினால், அவ்வுறுதி குன்றிவிடுகின்றது. வேறு சிலரோ கனத்த தகட்டை மேலே வைத்து ஒட்டிவிடுகின்றனர். அப்பொழுது நசுங்க வேண்டிய இடம் நசுங்காது. அடி முழுவதும் உள்ளே இருப்பவரைச் சென்றடையும். மிக மென்மையாவதும் ஆபத்து. மிக விறைப்பாவதும் ஆபத்து.

காற்றுப்பைகளும் இத்தகையனவே. ஒருமுறை விரிந்த காற்றுப்பை மீண்டும் பயன்படாது. புதிதாகப் பொருத்துவதற்குப் பெரும் பணம் செல்லும். ஆதலால், பையே இல்லாத வெற்றிடத்தின் மேல் மூடியை மட்டும் ஒட்டி விற்போரும் உளர். பல வண்டிகளில், விபத்தின்போது ஆசனப்பட்டியை இறுக்கி இழுக்கும் சிறு வெடிக்கருவி ஒன்று உண்டு. அதுவும் ஒருமுறை இயங்கியபின் மாற்றப்படவேண்டியதே. இக்குறைகள் நாள்தோறும் வண்டியோட்டும்போது தோன்றமாட்டா. பத்தாண்டு சென்றாலும் தோன்றமாட்டா. இன்னொரு விபத்து நேரும் அக்கணத்திலேதான் அவை வெளிப்படும்.

இனி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 2016 ஆம் ஆண்டு மே மாதத்திலே களனி கங்கை பெருக்கெடுத்தபோது, கொலன்னாவை, கடுவலை முதலிய பகுதிகள் நீரில் நின்றமை பலருக்கும் நினைவிருக்கும். நீரில் நின்ற வண்டியைக் கழுவி, உலர்த்தி, மணம் தெளித்துவிட்டால் அது புதிது போல் ஒளிரும். ஆனால் சேற்றுநீர் மின்கம்பிகளின் இணைப்புகளுக்குள் புகுந்து, உள்ளேயே அவற்றை அரிக்கத் தொடங்குகின்றது. மாதங்கள் பல கழிந்தபின் ஒருநாள் விளக்கு அணையும். மற்றொரு நாள் எஞ்சின் நிற்கும். பிறேக்கைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியற் கருவியும் பிழைக்கலாம். பிறியஸ் போன்ற ஹைபிறிட் வண்டிகளில், 200 வோல்ற் அளவிலான பற்றரி பின்னாசனத்தின் அருகே அமைந்துள்ளது. வெள்ளம் ஆசன மட்டத்தை எட்டியிருப்பின், அப்பற்றரியும் தப்பியிருக்கமாட்டாது.

இவ்வாணிகம் எத்துணைத் தூரம் பரவக்கூடும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு சான்று உண்டு. 2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கத்ரீனா என்னும் சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை நீரில் ஆழ்த்தியது. மூழ்கிய வண்டிகளுட் பல உலர்த்தப்பட்டு வேறு மாநிலங்களுக்குச் சென்றன. அங்கே மாநிலந்தோறும் பதிவுச் சட்டம் வேறு வேறு. ஒரு மாநிலப் பத்திரத்திலே “சேதமுற்றது” எனக் குறிக்கப்பட்ட வண்டி, வேறொரு மாநிலத்திலே பதியப்படும்போது அக்குறிப்பு மறைந்துவிடக்கூடியதாயிருந்தது. இக்கேட்டினைத் தடுக்க, நாடு முழுவதற்குமான ஒரு பதிவேட்டை அமைக்கும்படி 1992 ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும் வாங்குவோர் அதனைப் பார்வையிடும் வசதி 2009 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. பத்திரத்தில் இல்லாத குறை, வண்டியிலும் இல்லை என்று எண்ணுதல் கூடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நம் நாட்டுக்கு வரும் பாவித்த வண்டிகளுட் பல யப்பானிய ஏலங்களில் வாங்கப்பட்டவை. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஏலத்தாள் உண்டு. அதிலே வண்டியின் தரம் இலக்கத்தாற் குறிக்கப்படும். இலக்கத்துக்குப் பதிலாக ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்னும் ஆங்கில எழுத்துக் காணப்படின், வண்டி விபத்துக்குப்பின் திருத்தப்பட்டது என்பது பொருள். அங்குள்ளோரும் தோலையும் எலும்பையும் வேறுபடுத்தியே நோக்குகின்றனர். பம்பரோ கதவோ மாற்றியதை அவர்கள் விபத்துத் திருத்தமாகக் கொள்வதில்லை. சட்டமும் தூணும் பழுதுற்றதையே அவ்வாறு கொள்கின்றனர். எனவே ஏலத்தாளைக் கேட்டுப் பெறுக. ஆயினும் விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பிவிடாது, அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு வேறொரு வழியாலும் அதனைச் சரிபார்த்தல் நன்று. தாள்களும் திருத்தப்படுவதுண்டு.

வண்டியைப் பார்வையிடும்போது கவனிக்கவேண்டியவை சில உள. மழையிலோ மாலை இருளிலோ பார்க்கவேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்திலே பாருங்கள். கதவுகளின் இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கின்றதா? மட்காட்டைப் பிணைக்கும் ஆணிகளின் தலையிலே சாவி பட்ட அடையாளம் உண்டா? சிறு காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். பற்றவேண்டிய இரும்புத் தகட்டிலே ஓரிடத்தில் மட்டும் பற்றாவிடின், அங்கே கராஜ்காரர் ‘பட்டி’ எனக் கூறும் பசை தடித்திருக்கின்றது எனக் கொள்ளலாம். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, அடித்தகட்டிலே மடிப்போ புதிய ஒட்டோ உண்டா எனப் பாருங்கள். ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். இறுதி முழத்திலே சேற்றுக்கறை இருப்பின் வெள்ளம் புகுந்த வண்டி அது. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்குச் சில விநாடி எரிந்து அணைதல் வேண்டும். அணையாமல் எரியினும் குறை. ஒருபோதும் எரியாவிடினும் குறை. பின்னையது விளக்கையே கழற்றிவிட்டதன் அடையாளமாயிருக்கலாம்.

இவற்றிலே ஐயம் தோன்றினால், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பொறிவல்லுநரிடம் வண்டியை உயர்த்தி அடிப்புறத்தைப் பார்க்கச் செய்யுங்கள். குத்தகைக் கம்பனிக்காகத் தயாரிக்கப்படும் மதிப்பீட்டு அறிக்கையை இதற்கு ஈடாகக் கொள்ளற்க. அது வண்டியின் விலையை மதிப்பிடுவதற்கு எழுந்தது. எலும்பின் உறுதியைச் சோதிப்பதற்கு எழுந்ததன்று. அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழிலே உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் ஒப்புநோக்குக.

சட்டம் காப்பாற்றாதா எனக் கேட்பீர்கள். நம் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமாகும். வாங்குபவர் தம் தேவையை வியாபாரிக்கு அறிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கும்போது அது ஓரளவு பாதுகாப்பை அளிக்கின்றது. வியாபாரி அல்லாத ஒருவர் தம் சொந்த வண்டியை விற்கும்போதோ, அதன் தரத்திற்குப் பொதுவாக உத்தரவாதம் எதுவும் இல்லை. அங்கே அவதானம் வாங்குபவர் பொறுப்பு. ஆதலால், “விபத்துக்குள்ளானதன்று, வெள்ளத்தில் மூழ்கியதன்று” என விற்பவர் வாயாற் கூறுவதை ஒப்பந்தத்திலே எழுதிக் கையொப்பமிடும்படி கேளுங்கள். உண்மை உரைப்பவர் எழுதத் தயங்கார். தயங்குவாராயின், அத்தயக்கமும் உங்களுக்கு ஒரு செய்தியே.

அடிபட்ட வண்டி அனைத்தும் தீண்டத்தகாதவை என்பது என் கருத்தன்று. தோல் மட்டும் பழுதுற்று, செம்மையாகத் திருத்தப்பட்டு, அவ்வுண்மையை மறையாது கூறி, அதற்கேற்பக் குறைந்த விலைக்கு விற்கப்படும் வண்டியை ஒருவர் அறிந்தே வாங்கலாம். எலும்பு முறிந்த வண்டியையோ எத்துணை மலிவாயினும் வாங்குதல் தகாது. மலிவிலே மீந்த பணம் நம் கையில் இருக்கும். ஆனால் அவ்வண்டியின் பின்னாசனத்திலே நம் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். விலை பேசுவதற்கு முன் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.