மண்பாண்டத்தில் வைத்த உறுதி

1990இல் போரினால் திருக்கேதீஸ்வரப் பகுதியை விட்டுப் பெயர்ந்த விவசாயக் குடும்பங்களை எண்ணும்போது, எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது.

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. இறைவாக்கினரோ காவலில் இருந்தார். அவ்வேளையிலே அனத்தோத்து ஊர் வயலொன்றை 17 செக்கேல் வெள்ளிக்குச் சாட்சிகள் முன் வாங்கினார். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அவ்வயலில் அவர் விதைத்ததாக நூல் கூறவில்லை. பின்வரும் சந்ததி விதைக்கும் என்பதே அவரது விசுவாசம்.

அன்பானவர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? உறுதியை ஓரிடத்திலும் பிரதியை வேறிடத்திலும் வையுங்கள். தொலைந்திருந்தால், பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேளுங்கள். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணியின் எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். செபமும் வேண்டும், உறுதியும் வேண்டும்.