தறிக்குழிக்குள் வரும் புயல்

வங்கக் கடலில் எழும் புயல்கள் ஆரணிக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மழையாகவே மிஞ்சியிருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்தப் பட்டு நெசவு ஊர் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. உள்ளே இருக்கிறது. கூரையைப் பிய்த்தெறியும் காற்று இங்கே அரிது. ஆனால் பட்டுத் தறியைக் கெடுக்கக் காற்று வேண்டியதில்லை. விடாமல் இரண்டு நாள் பெய்யும் மழையே போதும்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆரணி நகரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற சுற்று ஊர்களிலும் அது வீடுகளுக்குள்ளேயே நெய்யப்படுகிறது. பழைய வீடுகளில் இருப்பது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் மிதிகளை அமைத்திருப்பார்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிப்பார். வெயில் காலத்தில் இந்த அமைப்பு நூலுக்கு நல்லது; தரையின் குளுமை இழைகள் அறுந்துபோகாமல் காக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அதே குழி பகையாகிவிடும். நிலத்தடி நீர் உயர உயர, தண்ணீர் வாசல் வழியாக வராமல் குழியின் அடியிலிருந்தே ஊறத் தொடங்கும். தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்காத வீட்டிலும் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும். இறைத்துக் கொட்டினால் மறுநாள் காலையில் திரும்ப ஊறியிருக்கும்.

அப்போது கெடுவது மிதிப்பலகையும் கயிறும் மட்டுமல்ல. பட்டு ஈரத்தை விரும்பிக் குடிக்கும் இழை. வணிகக் கணக்கிலேயே பட்டின் எடையில் 11 சதவீதம் ஈரத்துக்கு இடம் தரப்படுகிறது. தொட்டால் நனைந்ததாகத் தெரியாத நிலையிலேயே அது 30 சதவீதம் வரை ஈரத்தை ஏற்கும். ஈரம் ஏறிய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தளரும். இழைகள் ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த சாயம் பக்கத்து நிறத்தில் இறங்கினால் சேலை விலை போகாது. சரிகை கறுக்கும். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் இரும்பு துருப்பிடிக்கும்; வடிவத்தைச் சொல்லும் அட்டைகள் ஊதி, துளைகள் இடம் பிசகும். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் வேண்டும். ஆகவே குழியில் தண்ணீர் ஊறுவதற்கு முன்பே வேலை தடைபட்டுவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் குழி காயும்வரை தறியில் உட்கார முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் விரைந்து விலகாமல் அங்கேயே தயங்கி நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. பிறகு மழை உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையூர்களை மூழ்கடித்தது. அடுத்து வந்த அரசின் நிவாரண அறிவிப்பில் முதன்மையாக இடம்பெற்றவை உயிரிழப்பு, குடிசை, பயிர், மாடு, ஆடு, கோழி. வீட்டுக்குள் இருக்கும் தறியின் சேதம் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்கெடுப்பவர் உள்ளே வந்து குழியை எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கைத்தறிக்கு நிவாரண விதியே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022-இல் வகுத்த அளவுகோலின்படி, சேதமான தொழில் கருவிக்குக் கைவினைஞர் ஒருவருக்கு 5,000 ரூபாய் கிடைக்கும். மூலப்பொருள் அல்லது பாதி நெய்த சரக்கு கெட்டுப்போனால் இன்னொரு 5,000. அதே பட்டியலில் முழுதும் சேதமான சிறு மீனவர் படகுக்கு 15,000 ரூபாய், வலைக்கு 4,000. கடற்கரையில் இந்தத் தொகைகளின் போதாமையை எல்லாரும் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப்போட்டு உடைத்தது. பல லட்ச ரூபாய்ப் படகுகள் அவை. பெரும்பாலானவற்றுக்குக் காப்பீடு கிடையாது. படகுக்காரர்கள் போராடினார்கள், அரசு தனியாக உதவித்தொகை அறிவித்தது. உடைந்த படகைப் படம் பிடித்து நாட்டுக்கே காட்டலாம். கறுத்துப்போன சரிகைக்கும் தளர்ந்த பாவுக்கும் அப்படி ஒரு படம் அமைவதில்லை.

பட்டு நெசவில் இழப்பு ஒருவரோடு நிற்பதில்லை என்பது காப்பீட்டுச் சிக்கலின் வேர். தறியும் வீடும் நெசவாளருடையவை. தறியில் ஏறியிருக்கும் பட்டும் சரிகையும் பெரும்பாலும் முதலாளியுடையவை, அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையவை. ஒரு பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் அடங்கும். கிலோ பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பட்டு அது. சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. மழையில் பாவு கெட்டால் சரக்குக்காரருக்குப் பட்டு நட்டம். நெசவாளருக்கோ தறி நட்டம், கூலி நட்டம், சில வேளை பட்டின் விலையும் அவர் கணக்கிலேயே கடனாக எழுதப்படும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பவை. அத்தகைய வீட்டில் மூன்று வாரம் தறி நின்றால் கடன் வாங்காமல் அடுப்பு எரியாது.

நெசவாளருக்குக் காப்பீடு கிடைக்காமலும் இல்லை. 2005 வாக்கில் தொடங்கிய மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 470 ரூபாய் பிரீமியத்தில் நெசவாளர் கட்டியது 80 ரூபாய்தான். மீதியை ஒன்றிய அரசும் எல்.ஐ.சி.யும் ஏற்றன. பின்னர் இது பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா திட்டங்களோடு இணைக்கப்பட்டு, இறப்புக்கும் விபத்துக்கும் தலா 2 லட்சம் ரூபாய் என்றானது. நல்ல திட்டங்களே. ஆனால் இவை அனைத்தும் ஆளைக் காப்பவை. தறியை, பாவை, நின்றுபோன வேலைநாளை இவற்றில் எதுவும் தொடுவதில்லை. புயலில் நெசவாளர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். அவர் உயிரோடிருந்து தறி மட்டும் போனால் வராது. இந்த இடைவெளியை இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்தது நியாயமில்லை.

பொதுக் காப்பீட்டில் வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய பாலிசிகள் நடைமுறைக்கு வந்தன. வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழிலிடத்துக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. புயல், வெள்ளம், நீர் சூழ்தல் இரண்டிலும் அடங்கும். சரக்கின் மதிப்பை 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தாலும் சிறு தொழில் பாலிசியில் அதற்காக இழப்பீட்டை வெட்டக் கூடாது. இவ்வளவு இருந்தும் குழித்தறி வீட்டில் கிளைம் தடுமாறும் இடங்கள் சில உண்டு.

முதல் இடம் முகவரி. பாலிசி ஓர் இடத்தோடு கட்டப்பட்டது. முதலாளியின் கிடங்குக்கு எடுத்த பாலிசி, நாற்பது வீடுகளில் தறியேறி நிற்கும் பாவைத் தானாகக் காக்காது. பல இடங்களில் உள்ள சரக்குக்குச் சேர்த்துப் பாலிசி எடுக்கலாம். ஆனால் அந்த முகவரிகளை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அடுத்தது, தறியும் பட்டும் தொழில் பொருள்கள். வீட்டுப் பாலிசியில் வீட்டுச் சாமானாக அவற்றை நுழைத்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்போது வழக்காகும். வீட்டில் நெசவு நடப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதே பாதுகாப்பு. எல்லாவற்றிலும் கடினமானது ஊற்றுநீர். தெரு வெள்ளம் உள்ளே புகுந்தால் வாதத்துக்கு இடமில்லை. குழியின் அடியிலிருந்து மெல்ல ஊறிய நீரை ‘வெள்ளம்’ என்பதா, நாள்பட்ட கசிவு என்பதா? கசிவு, துரு, இயல்பான தேய்வு ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. ஆரணியின் சேதத்தில் பெரும்பகுதி வெள்ளத்துக்கும் கசிவுக்கும் நடுவில் விழுகிறது.

இதே ஆரணி நெல்லுக்கும் பேர்போனது. ஊரை ஒட்டிய வயலில் சம்பா நெல் மூழ்கினால், 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விவசாயி காரிஃப் பயிருக்கு 2 சதவீதமும் ராபிப் பயிருக்கு 1.5 சதவீதமும் கட்டினால், மீதிப் பிரீமியம் அரசினுடையது. ஒரே மேகம் வயலிலும் தறிக்குழியிலும் கொட்டுகிறது. தறிக்கு அப்படி ஒரு திட்டம் வகுக்கப்படவில்லை.

சேதத்தை அளக்காமல் மழையை அளந்து பணம் தரும் காப்பீடு இதற்குப் பொருந்தக்கூடும். குறிப்பிட்ட நாட்களில் மழைமானி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், சர்வேயர் வராமலே தொகை வங்கிக் கணக்குக்கு வரும். குஜராத்தில் ‘சேவா’ அமைப்பின் பெண் தொழிலாளர்களுக்கு 2023 முதல் கடும் வெப்பத்துக்கு இப்படிக் காப்பீடு இருக்கிறது. அளவு தாண்டிய நாட்களுக்குப் பணமும் வந்திருக்கிறது. நாகாலாந்து அரசு அதிமழைக்கு மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே எடுத்திருக்கிறது. இம்முறையில் ஊற்றா வெள்ளமா என்ற வாதமே எழாது. நின்றுபோன கூலியையும் அது ஈடுகட்டும். பிரீமியத்தைத் தனி நெசவாளர் தாங்க மாட்டார். கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக எடுக்க வேண்டும், அரசு பங்கு தர வேண்டும்.

அதுவரை கையிலுள்ள வழிகளுக்குச் சான்று வேண்டும். கைத்தறிக் கணக்கெடுப்பில் தந்த அடையாள அட்டை, சங்கத்துப் பாஸ்புக், பாவு வாங்கிய சீட்டு ஆகியவற்றைக் குழியிலிருந்து எட்டி, உயரத்தில் வைப்பது நல்லது. மழைக்கு முன் தறியை ஒரு படம், தண்ணீர் நிற்கும்போது தேதியோடு இன்னொரு படம் எடுத்துவைத்தால் நிவாரணத்துக்கும் கிளைமுக்கும் உதவும். தண்ணீரை இறைக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் கைத்தறித் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும். நிறுவனம் கிளைமை மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு தரலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.