தூண் இல்லாத மண்டபம்

பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபம் கல்லால் ஆனது. தரை கண்ணாடிபோல் மின்னும். ஆனால் தூண்களை விலக்கிவிட்டு அங்கே எதையும் பார்க்க முடியாது. கல் எவ்வளவு பாரத்தையும் சுமக்கும், இழுவையை மட்டும் தாங்காது. இரு தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்தரத்தின் மேல்புறம் அமுங்கும், அடிப்புறம் இழுபடும். இடைவெளி கூடினால் அடியில் விரிசல் கண்டு முறிந்துவிடும். சுசீந்திரம் கோயிலில் தூண்கள் நெருங்கி நிற்பதும் இதனால்தான்.

அந்தத் தூண்களை அகற்றியது கான்கிரீட்டுக்குள் மறைந்த இரும்புக் கம்பி. இழுபடும் பக்கத்தில் கம்பியை வைத்தால் இழுவையை அது வாங்கிக்கொள்ளும். வெயிலில் கம்பியும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. ஆர்ட் டெக்கோ அரங்குகளின் அழகெல்லாம் தூணை விலக்கிய இந்தத் துணிச்சலில் பிறந்தது என்பேன். 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பின் உலகெங்கும் பரவிய பாணி இது. மும்பையில் 1933இல் ரீகல், 1938இல் ஈராஸ் திரையரங்குகள் வந்தன. அந்நகரத்தின் ஆர்ட் டெக்கோ கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் பாரிமுனைக்குப் பக்கத்தில், 1943இல் தொடங்கிய தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் இந்த வரிசையைச் சேர்ந்தது. கச்சேரியும் நாடகமும் விழாக்களும் இன்றும் அங்கே நடக்கின்றன.

இத்தகைய அரங்குக்குள் நுழைந்ததும் மாடி இருக்கைகளை அண்ணாந்து பாருங்கள். முன்விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே இழுபடுவது மேல்புறம். எனவே முக்கியக் கம்பிகளும் மேலே. வேலையில் யாராவது அவற்றைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டால் மாடியே சரியும். வெளியே வளைந்த மூலைகள், படிப்படியாக உயரும் முகப்பு, சுவரைச் சுற்றி ஓடும் வெயில்மறைப்புப் பட்டைகள்: சிற்பம் செதுக்காமல் நிழலாலேயே செய்த அலங்காரம்.

இந்தக் கட்டடங்களுக்கு எதிரி உப்புக்காற்று. குமரிக் கடற்கரை வீடுகளில் கூரையடிக் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது நோயை மூடி வைப்பதுதான். முகப்பில் அலுமினியத் தகடு ஒட்டுவது அதைவிடக் கொடுமை: அழகும் போகும், விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, மெலிந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, பிறகே மூட வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் விழா வாடகையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இதற்கென்று ஒதுக்கினால் முடியும்.