இலட்சம் கோப்புகளில் மாறியது எது?

பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்ச் சாசனங்கள் காணப்படுகின்றன. தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் ஊர்ப்பெயர்கள் அவற்றில் வருகின்றன. லூயி ரைஸ் 1905-இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகள் அச்சாயின. அவற்றுட் பல கற்கள் நகர் வளர்ந்தபோது மறைந்துவிட்டன. அச்சுப் படியே இன்று அவற்றுக்குச் சாட்சி. 2021-இல் மிதிக் சொசைட்டி பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதியத் தொடங்கியது.

இத்தகைய பதிவுகள் கம்ப்யூட்டரில் கோப்புகளாகச் சேர்கின்றன. அவ்வட்டு பழுதுறின் கல் மறைந்ததற்கு ஒப்பாகும். ஆதலின் வேறு வட்டில் படி வேண்டும். நாள்தோறும் அனைத்தையும் படியெடுப்பது வீண் உழைப்பு. முந்தைய படிக்குப்பின் மாறியவற்றை மட்டும் எடுப்பதே ‘இன்கிரிமெண்டல் பேக்கப்’ எனப்படும்.

கோப்புகள் பெருகும்போது, படியெடுப்பதைக் காட்டிலும் மாறியதைக் கண்டுபிடிப்பதே பெரும் வேலையாகிவிடுகிறது. மென்பொருள் ஒவ்வொரு கோப்பின் அளவையும், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் பழைய படியோடு ஒப்பிடுகிறது. சுழலும் வட்டில் ஒரு கோப்பின் விவரத்தைத் தேட நொடியில் நூற்றிலொரு பங்கு ஆகுமெனக் கொள்வோம். பத்து இலட்சம் கோப்புகளுக்கு 10,000 நொடி, அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிஷம். அன்று ஒரேயொரு கோப்பு மாறியிருப்பினும் இக்காலம் குறையாது!

நினைவகமும் ஒரு தடையே. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் ஆகியோர் 1996-இல் உருவாக்கிய ‘ஆர்சிங்க்’ என்னும் மென்பொருள், முதலில் முழுப் பட்டியலையும் நினைவகத்தில் அமைத்த பின்னரே படியெடுக்கத் தொடங்கும். கோப்பொன்றுக்குச் சுமார் 100 பைட் எனினும், பத்து இலட்சத்துக்கு 100 மெகாபைட் ஆகும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு பட்டியலைப் பகுதி பகுதியாக அமைத்துக்கொண்டே படியெடுக்கலாயிற்று. வேறு சில ஏற்பாடுகளில், இயக்க முறைமையே மாற்றங்களை அவ்வப்போது ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்கும். அதைப் படித்தாற் போதும், வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டுவதில்லை.

நேரத்தையும் அளவையும் மட்டும் நம்புவதில் ஓர் அபாயமுண்டு. அவ்விரண்டும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் சிதைந்தால் மென்பொருள் அதனை அறியாது. உள்ளடக்கம் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பு எண்ணைக் கணித்தால் அறியலாம். ஆயின் அதற்கு நெடுநேரம் பிடிக்கும். எனவே இதனை மாதமொருமுறை செய்தல் தகும். கோப்புறையின் பெயரை மாற்றினால், உள்ளிருப்பவை யாவும் புதியனவென்று கருதி முழுவதையும் மீண்டும் படியெடுக்கும் மென்பொருள்களும் உள. களத்தில் பெயரிடுவோர் இதைக் கவனிக்கவேண்டும். பணி முடிந்த தொகுதிகளை ஒரே கோப்பாகக் கட்டிவைத்தால் இரவுதோறும் தேட வேண்டிய எண்ணிக்கை குறையும்.

படியிலிருந்து சில கோப்புகளை அவ்வப்போது மீட்டுத் திறந்து பார்க்கவும் வேண்டும். சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் இருப்பின் மீட்பதற்கே நாட்கணக்கில் ஆகக்கூடும். அக்காலத்தை முன்னரே அளந்து வைத்தல் நலம்.