வல்கனின் பட்டறையில் ஒரு கெட்ட செய்தி

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்ல ஸ்மித்தி பண்ணியிருக்கீங்களா? அப்போ இந்த ஓவியம் உங்களுக்கு சட்டுனு பிடிபடும். பழுக்கக் காய்ச்சின இரும்பைக் குறடால பிடிச்சு பட்டறைக்கல் மேல வச்சாச்சு. அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் உள்ளே வந்து நிக்கிறார்.

வந்தவர் சூரியக் கடவுள் அப்பல்லோ. குறடோடு நிற்பவர் வல்கன்: ரோமானியர்களின் நெருப்புக் கடவுள், தேவலோகத்துக் கொல்லர். அவர் மனைவி வீனஸுக்கும் போர்க் கடவுள் மார்ஸுக்கும் தொடர்பு இருக்கு என்பதுதான் செய்தி. அதையும் வேலையாட்கள் நாலு பேர் முன்னாடி சொல்றார், பாவம்!

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1630-ல் ரோமில் இருந்தபோது, யாரும் கேட்காமல் தானாகவே வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இது. 1634-ல் அரசர் நான்காம் பிலிப்புக்காக வாங்கினார்கள். இப்போது மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புராணப்படி வல்கனின் ஆட்கள் ஒற்றைக் கண் அரக்கர்கள். வெலாஸ்கெஸ் அந்தப் பக்கமே போகவில்லை. சட்டையில்லாமல், வேர்வையும் கரியுமாக உழைக்கிற சாதாரண ஆட்களையே வரைந்திருக்கிறார். ஒருத்தர் வாய் பிளந்து நிற்கிறார். வல்கனும் அவர்களில் ஒருத்தர் மாதிரிதான், தலையில் ஒரு துணிக்கட்டு. ஒளிவட்டம் இருப்பதால் அப்பல்லோ மட்டும்தான் கடவுள்னு தெரியுது.

இப்போ அந்த இரும்பைப் பாருங்க. ஆரஞ்சு நிறம்னா சுமார் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல். தெர்மாமீட்டர் இல்லாத காலத்துக் கொல்லருக்கு நிறம்தான் அளவுகோல். உலையை விட்டு வெளியே எடுத்தா அந்தச் சூடு ரொம்ப நேரம் நிக்காது. படத்தில் எல்லார் கையும் நின்னுபோச்சு, இரும்பு மட்டும் இன்னும் ஜொலிக்குது. அதாவது செய்தி காதில் விழுந்து சில விநாடிகள்தான் ஆகியிருக்கணும். எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், அதிர்ச்சியில் வல்கன் கையில் இருந்த வேலை நழுவி விழுந்துவிடும். வெலாஸ்கெஸின் வல்கனோ குறடை விடவே இல்லை. கண் மட்டும் அப்பல்லோ மேல். கீழே தரையில் ஒரு மார்புக் கவசம் கிடக்கிறது. போர்க் கவசம் யாருக்குத் தேவைப்படும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்து வல்கன் செய்யப்போவது, சிலந்தி வலையைவிட மெல்லிய வெண்கல வலை. அதில் இருவரும் கட்டிலோடு மாட்டிக்கொள்வார்கள்.