ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்று!

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் எஃப்12 விசையைத் தட்டுங்கள். விரியும் பெட்டியில் 'கன்சோல்' என்ற பகுதிக்குப் போய் "5" + 3 என்று எழுதி என்டர் தட்டினால், '53' என்று பதில் வரும். கூட்டலை எடுத்துவிட்டு "5" - 3 என்று கேட்டால், சமர்த்தாக 2 என்கிறது.

உலாவிகளில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கிண்டலடிக்க நிரலாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். புதிதாகப் படிக்க வருபவர்கள் மிரள்வதும் இங்கேதான். ஆனால், அடிப்படையைக் கற்க இந்தக் கோணல்களே நல்ல வாசல். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி பிடிபட்டால் மொழியும் பிடிபடும்.

பத்து நாளில் பிறந்தது

1995 மே மாதம். உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே, பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, அந்த டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அப்போது புகழின் உச்சியில் இருந்த ஜாவாவின் பெயரை ஒட்டிக்கொண்டதே தவிர, இரண்டும் வேறு வேறு மொழிகள். 1997-இல் எக்மா அமைப்பு இதற்குத் தரவரையறை வெளியிட்டது.

அவசரத்தில் நுழைந்த பிழைகளைப் பிறகு ஏன் களையவில்லை? களைந்தால், அவற்றை நம்பி எழுதப்பட்ட பழைய தளங்கள் படுத்துவிடும். 2018-இல் ஒரு புதிய வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுப்பில் இயங்கும் தளங்கள் உடையும் என்று தெரிந்ததும், 'ஃபிளாட்' என்று மாற்றிக்கொண்டார்கள். இந்த மொழியில் புதியது சேரும், பழையது போகாது. அதனால் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

முதல் பாடம்: மதிப்பின் வகை

மேற்கோள் குறிக்குள் இருக்கும் "5" எழுத்து. குறியில்லாத 5 எண். கூட்டல் குறிக்கு இங்கே இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், எழுத்துகளை ஒட்டும். ஒரு பக்கம் எழுத்து இருந்தால் ஒட்டுவதே அதன் வழக்கம். கழித்தலுக்கு அந்த இரட்டை வேலை கிடையாது. ஆகவே எழுத்தை எண்ணாக மாற்றிக் கணக்குப் போடுகிறது. 'ட்ரூ' (உண்மை) என்ற மதிப்பைக் கணக்கில் சேர்த்தாலும் அது 1 ஆகிவிடும்.

இப்படித் தானாக வகை மாற்றும் குணத்தால்தான் "5" == 5 என்பதும் சரி என்றாகிறது. வகையையும் சேர்த்து ஒப்பிட === என்ற மூன்று சமக்குறி, தரவரையறையின் 1999 மூன்றாம் பதிப்பில் வந்தது. இன்று எழுதுபவர்கள் இதையே பழகிக்கொள்வது நல்லது.

எல்லாக் கோணலுக்கும் ஜாவாஸ்கிரிப்டைப் பழிக்கவும் முடியாது. 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 வரும். பைத்தானிடம் கேட்டாலும் இதே விடைதான். பத்தில் ஒரு பங்கை இரும எண்களில் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். பணக் கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது: பெயரும் பொருளும்

மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க இந்த மொழி அனுமதிக்கிறது. கன்சோலில் மூன்று வரிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள்:

பட்டியல் = [1, 2]
நகல் = பட்டியல்
நகல்[0] = 99

இப்போது 'பட்டியல்' என்று மட்டும் கேட்டால் [99, 2] என்று வரும். தொட்டது நகலை, மாறியது மூலம்! இரண்டாம் வரி புதுப் பட்டியல் எதையும் உருவாக்கவில்லை. இருந்ததற்கே இன்னொரு பெயர் சூட்டியது. உண்மையான நகல் வேண்டுமென்றால் நகல் = [...பட்டியல்] என்று எழுத வேண்டும். முழு நிரல் எழுதும்போது 2015-இல் வந்த 'லெட்', 'கான்ஸ்ட்' ஆகியவற்றால் மாறிகளை முறையாக அறிவிக்க வேண்டும்.

அதே மூன்று புள்ளியை வைத்து [..."தமிழ்"] என்று கேளுங்கள். மூன்று எழுத்துச் சொல் ஐந்து துண்டாக உடையும். மகரத்தின் இகரக் குறியையும் ழகரத்தின் மேல்புள்ளியையும் யுனிகோட் எழுத்துமுறை தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்குப் பத்து எழுத்து வரம்பு வைக்கும் படிவம், தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டுவது இதனால்தான். நம் கண் எண்ணுவதுபோல எண்ண 'செக்மென்டர்' என்ற கருவி மொழியிலேயே இருக்கிறது.

மூன்றாவது: காத்திருப்பு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 'செட் டைம்அவுட்' என்ற கட்டளையிடம் பூஜ்ஜியம் மில்லிசெகண்டில் ஒரு வேலையைச் செய்யச் சொன்னாலும், அதற்கு அடுத்த வரிகள் முடிந்த பிறகே அது நடக்கும்.

ஒரே ஆள் நடத்தும் தேநீர்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் கொதிக்கும்வரை அவர் அடுப்பையே பார்த்து நிற்பதில்லை. அடுத்தவருக்குச் சில்லறை கொடுக்கிறார். பால் பொங்கினாலும், கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் திரும்புகிறார். ஜாவாஸ்கிரிப்டும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். சர்வரிலிருந்து தகவல் வர நேரமாகும் என்றால், அதை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். 2015-இன் 'பிராமிஸ்', 2017-இன் 'அசின்க் அவெய்ட்' எல்லாம் இந்தக் காத்திருப்பை ஒழுங்காக எழுதவே வந்தன.

அவசரம் வேண்டாம்

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி தெரிந்தால் வேலை என்று கேள்விப்பட்டு, நேராக அதில் குதிப்பவர்கள் ஏராளம். 2006-இல் ஜேக்வரி, 2010-இல் ஆங்குலர், 2013-இல் ரியாக்ட் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வகை, பெயர், காத்திருப்பு என்ற மூன்றும் எல்லாவற்றுக்கும் அடியில் அப்படியே கிடக்கின்றன. ஐயம் வந்தால் பார்க்க, மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்கள் இலவசம்.

ஓர் எச்சரிக்கை: யாரோ அனுப்பிய நிரலைக் கன்சோலில் ஒட்டாதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்கையே அது திருடக்கூடும். நீங்களே எழுதுங்கள், என்டர் தட்டுமுன் விடையை ஊகித்துவிடுங்கள். ஊகம் தப்பினால், அங்கே படிக்க ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இன்றைக்கு ஒரு கேள்வி. 3 > 2 > 1 என்று எழுதினால் 'ஃபால்ஸ்' வருகிறது. ஏன்? கணக்கை இடமிருந்து வலமாகப் போட்டுப் பாருங்கள். தேவையான விதி முதல் பாடத்திலேயே இருக்கிறது.