வெப்சைட்டுக்கு எவ்வளவு எடுத்துவைப்பது?

நல்லூர் பக்கமோ விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலோ அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று ஏதோ ஒன்றைச் சுட்டு விற்கிறீர்கள். “பதினைந்தாயிரம் கொடுங்க, வெப்சைட் போட்டுத் தர்றேன்” என்று ஒருவர் வந்து நிற்கிறார். கொடுக்கலாமா?

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களிடம் வாங்குவது யார்? ஃபியூஸ் கேரியர் என்றால் வாங்குபவர் எலக்ட்ரிக்கல் மொத்தக் கடைக்காரர். 16 ஆம்பியரா, 32 ஆம்பியரா, பெட்டிக்கு எத்தனை, என்ன விலை என்று போனிலேயே கேட்டு முடித்துவிடுவார். அவருக்கு கூகுள் மேப்பில் உங்கள் பட்டறையும், வாட்ஸ்அப் பிசினஸில் படத்தோடு ஒரு பொருள் பட்டியலும் போதும். இரண்டும் இலவசம். பொம்மையும் விளக்கும் வெளியூர் வீடுகளுக்கு நேராகப் போக வேண்டும் என்றால்தான் மேலே படியுங்கள்.

பதினைந்தாயிரத்தோடு முடியுமா? முடியாது. அது செய்கூலி. டொமைனும் (இணையத்தில் உங்கள் கடையின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளம் குடியிருக்கும் வாடகை இடம்) ஆண்டுதோறும் கட்ட வேண்டியவை. டாட் இன் பெயர் ஒன்றுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தளத்தின் ஹோஸ்டிங்குக்கு ரூ.2,000 முதல் ரூ.6,000 வரை. இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வருடச் சலுகை விலைதான். “அடுத்த வருஷம் ரெனியூவல் எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு (வாடிக்கையாளர் தட்டும் விவரம் வழியில் திருடு போகாமல் காக்கும் பூட்டு) தனியாகப் பணம் கேட்டால்? லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. உங்களைப் போன்ற கடைக்கு அது தாராளம்.

டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்? உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில். இதை நான் பட்டுத்தான் கற்றேன். எனக்குத் தளம் செய்து தந்த தம்பி தன் மின்னஞ்சலிலேயே பெயரைப் பதிந்திருந்தார். நல்ல பையன்தான், ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்களெல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போக, ஒரு நாள் காலையில் தளத்தைக் காணவில்லை. கெடு தாண்டிய பெயரை மீட்க, புதுப்பிக்கும் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்டார்கள். ஆகவே செய்கூலியின் கடைசித் தவணையை, கடவுச்சொல் கைக்கு வந்து நீங்களே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

படத்துக்கும் காசு ஒதுக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் டிசைனில் குறைத்தாவது படத்தில் போடுங்கள். பீங்கானின் மெருகு டியூப்லைட்டை அப்படியே வாங்கிக் காட்டும். பிள்ளையாரின் தும்பிக்கை மேல் வெள்ளைக் கோடு விழும். காலை வேளையில், வெயில் நேரே படாத தாழ்வாரத்தில், வெளிர்நிற வேட்டியை விரித்து எடுத்தால் போன் கேமராவே போதும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்தும் ஒரு படம் எடுங்கள். “இவ்வளவு சின்னதா?” என்று திரும்பி வரும் பார்சல்கள் குறையும்.

கணக்கில் பலர் விட்டுவிடுவது பார்சல். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, அதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார். 30, 30, 20 என்ற பெட்டி 3.6 கிலோ கணக்கு. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ பொம்மைதான் என்றாலும் கட்டணம் 3.6 கிலோவுக்கு. உடையும் பொருள் என்பதால் பெட்டியைச் சிறிதாக்கவும் முடியாது. தளம் திறக்குமுன் நாலைந்து பொம்மைகளைக் கட்டி, சென்னையிலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். எத்தனை முழுசாய்ப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு செலவு என்று தெரிந்த பிறகு விலை போடுங்கள்.

பணம் வாங்குவதில் பிடித்தம் உண்டா? பேமென்ட் கேட்வே (தளத்திலேயே பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக வந்தால் சுமார் 2 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பிடித்தத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஆயிரம் ரூபாய் ஆர்டரில் ரூ.23.60 போகும். ஆரம்பத்தில் ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்கி, பணத்தை நேராக யுபிஐ-யில் பெற்றால் இது மிச்சம். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரத் தொடங்கிய பின் கேட்வே வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தால்? வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க, விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு வரம்புக்கு உட்பட்ட விலக்கு உண்டு. உங்கள் பொருள் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டு, அவர் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஓர் உதாரணம் போடுவோம். செய்கூலி 15,000, டொமைன் 700, ஹோஸ்டிங் 3,000, படமும் சோதனைப் பார்சலும் 4,000. முதல் வருடம் ரூ.22,700. இரண்டாம் வருடம் டொமைன் 1,000, ஹோஸ்டிங் 6,000, விலை மாற்றவும் பழுது பார்க்கவும் 4,000, ஆக ரூ.11,000. ஒரு செட் விளக்கில் கையில் நிற்கும் லாபம் 50 ரூபாய் என்றால், இரண்டாம் வருடச் செலவை எடுக்கவே 220 செட் தளம் வழியாகப் போக வேண்டும். அவ்வளவு போகாது என்று தோன்றினால் இந்த வருடம் வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போடுவதென்று முடிவெடுத்தால் டொமைனைச் சித்திரை வைகாசியில் பதியுங்கள். ஆடிக்குள் தளம் தயாராகிவிடும், புரட்டாசிக் கொலுவுக்கு ஆர்டர் எடுக்கலாம். பதிந்த அதே தேதியில்தான் பெயர் காலாவதியாகும். அது கார்த்திகையில் வந்து, சூளை வேலையில் நீங்கள் மறந்தால், விளக்கு விற்கும் வாரத்தில் கடை மூடிக் கிடக்கும்.